காசநோயும் மூளையில் ரத்த உறைவும்: தொடக்கத்திலிருந்து ஒரு விளக்கம்

“மூளையில ரத்தம் கட்டியிருக்கு” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாராவது சொன்னால், அது மூன்று விஷயங்களில் எதுவாகவும் இருக்கலாம். தலையில் அடிபட்டு ரத்தக்குழாய் கிழிந்து, வெளியே கசிந்த ரத்தம் ஓரிடத்தில் தேங்கிக் கெட்டிப்படுவது ஒன்று. குழாய் கிழியாமலே, அதற்குள் ஓடும் ரத்தம் உறைந்து வழியை அடைத்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது ரத்தமே அல்ல: காசநோய்க் கிருமி மூளைக்குள் உண்டாக்கும் டியூபர்குலோமா, பேச்சுவழக்கில் ‘டி.பி. கட்டி’. பேச்சில் மூன்றும் ‘கட்டி’ ஆகிவிடுகின்றன. வைத்தியம் மட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. முதலாவதற்குக் கொடுக்கவே கூடாத மருந்துதான் இரண்டாவதற்கு முதல் மருந்து.

இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. காசநோய் உள்ளவருக்கு மூளையின் ரத்தக்குழாய்க்குள் உறைவு ஏன் வருகிறது, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், சிகிச்சையில் எங்கே சிக்கல் வருகிறது என்று பார்ப்போம்.

உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய்

மூளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 750 மில்லி ரத்தம் தமனிகள் வழியே போகிறது. போன ரத்தம் அத்தனையும் சிரைகள் வழியே திரும்ப வேண்டும். மூளையின் சிறு சிரைகள் எல்லாம் கபாலத்தின் உட்புறம் ஒட்டியிருக்கும் தடித்த உறையின் மடிப்புகளுக்குள் ஓடும் பெரிய வாய்க்கால்களில் வந்து சேரும். அந்த வாய்க்கால்களுக்கு சைனஸ் என்று பெயர். நெற்றியிலிருந்து பிடரி வரை உச்சந்தலையின் கீழே ஓடுவது சுப்பீரியர் சஜிட்டல் சைனஸ். பிடரியில் அது இடமும் வலமுமாகப் பிரிந்து டிரான்ஸ்வர்ஸ் சைனஸாகி, காதின் பின்னால் வளைந்து சிக்மாய்டு சைனஸாகி, கழுத்தில் ஜுகுலர் சிரையாக இறங்குகிறது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘சைனஸ் த்ராம்போசிஸ்’ (சைனஸில் உறைவு) என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, “மூக்குல சைனஸ் ரொம்ப நாளா இருக்கு டாக்டர்” என்று சொல்பவர்கள் உண்டு. இந்த சைனஸுக்கும் மூக்கடைப்புக்கும் சம்பந்தமில்லை.

தமனி அடைத்தால் நடப்பது புரிந்துகொள்ள எளிது. அந்தக் குழாயை நம்பியிருந்த பகுதி பட்டினியால் சாகும். கை கால் திடீரென விழும். சிரை அடைத்தால் கதை வேறு. சமையலறைத் தொட்டியின் வடிகால் அடைத்தால் குழாயில் தண்ணீர் நிற்பதில்லை, தொட்டிதான் நிரம்புகிறது. அதேபோல ரத்தம் வந்துகொண்டே இருக்கும், வெளியேற முடியாது. பின்னால் உள்ள சிறு குழாய்கள் பிதுங்கும், நீர் கசிந்து மூளை வீங்கும், அழுத்தம் தாங்காமல் சில குழாய்கள் உடைந்து ரத்தமும் கசியும். ஆக, ஒரே இடத்தில் உறைவும் இருக்கும், ரத்தக்கசிவும் இருக்கும். சிகிச்சையில் எழும் பெரிய குழப்பத்துக்கு வித்து இதுதான்.

இன்னொன்றும் உண்டு. மூளையைச் சுற்றியுள்ள நீர் தினமும் சுமார் அரை லிட்டர் சுரந்து, பெரும்பகுதி அந்த உச்சி சைனஸுக்குள்தான் வடிகிறது. அங்கே உறைவு விழுந்தால் நீரும் தேங்கும். கபாலம் விரியாது. உள்ளழுத்தம் ஏறி, கண் நரம்பின் முனை உப்பி, பார்வை மங்கத் தொடங்கும்.

காசநோய்க்கும் ரத்தம் உறைவதற்கும் என்ன சம்பந்தம்?

ருடால்ஃப் விர்ஷோ என்ற ஜெர்மானிய மருத்துவர் 1856-இல் வெளியிட்ட கருத்துகளிலிருந்து வளர்ந்த கணக்கு இன்றும் செல்லும். ரத்தம் உறைய மூன்று காரணங்கள்: ரத்தத்தின் தன்மை மாறுவது, ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் கெடுவது. காசநோய் மூன்றையும் தொடுகிறது.

முதலில் ரத்தத்தின் தன்மை. காசநோய்க் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வெளியிடும் வேதிச்செய்திகளைக் கேட்டு, கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்ற உறைபொருளை அதிகமாக உற்பத்தி செய்கிறது. இயல்பு அளவு டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம். நோய் தீவிரமாக இருக்கையில் 400-ஐத் தாண்டுவது சகஜம். தட்டணுக்களும் கூடும், ஐந்து லட்சத்துக்கு மேல் உள்ள ரிப்போர்ட்டுகளை அடிக்கடி பார்க்கலாம். அதே சமயம் உறைவதைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் ஆகியவை குறைகின்றன. ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக்கைக் கழற்றுவது மாதிரி.

அடுத்தது ஓட்டம். இரண்டு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, காய்ச்சலில் வியர்த்துக் கொட்டுகிறது, வாந்தி வேறு. உடலில் நீர் வற்றி ரத்தம் குழம்பாகிறது. படுத்த படுக்கை என்றால் இன்னும் மோசம். கழுத்தில் நெறிகட்டிய காசநோய் ஜுகுலர் சிரையை வெளியிலிருந்து அழுத்தலாம். மூளைக்குள் இருக்கும் டி.பி. கட்டி பக்கத்து சைனஸை நெருக்கலாம்.

மூன்றாவது குழாய்ச்சுவர். காசநோய் மூளையுறைக்குப் பரவும்போது (மூளையுறைக் காசநோய்; வழக்கில் டி.பி. மூளைக்காய்ச்சல்) மூளையின் அடிப்பகுதியில் பசைபோன்ற கெட்டியான கசிவு படிகிறது. அதன் வழியே போகும் ரத்தக்குழாய்களின் சுவர் வீங்கி உட்புறம் சொரசொரப்பாகிறது. நடுக்காதில் காசநோய் வந்து காதின் பின்னெலும்பை அரித்தால், அடுத்த சுவரில் இருப்பதே சிக்மாய்டு சைனஸ்.

கவனிக்க வேண்டியது இது: மூளைக்கு கிருமி போகாமலே மூளைச் சிரையில் உறைவு வரலாம். நுரையீரல் காசநோய் மட்டும் உள்ளவருக்கு, ரத்தத்தின் தன்மை மாறியதாலேயே வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. எண்ணிக்கையில் இது அரிதுதான். ஆனால் உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது, அரிதான ஒன்றும் பெரிய மருத்துவமனைகளின் வார்டுகளுக்கு வந்து சேர்ந்துவிடும்.

கூடவே வேறு காரணம் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பிரசவித்து ஆறு வாரம் ஆகாதவர், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர், கடும் ரத்தசோகை உள்ளவர், பி12 குறைந்து ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏறியவர் என்று பட்டியல் நீளும். சில நேரம் காசநோயோடு இப்படி இன்னொரு காரணமும் துணைக்கு வந்திருக்கும்.

தமனியா, சிரையா

காசநோயால் மூளைக்குழாய் அடைபடுவதில் அதிகம் காணப்படுவது தமனி வகைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூளையுறைக் காசநோயில் அந்தப் பசை, மூளையின் அடியிலிருந்து ஆழத்துக்கு ஏறும் நூல்போன்ற தமனிகளை நெரிக்கிறது. அவை ரத்தம் கொடுக்கும் இடங்களான காடேட் முனை, தாலமஸின் முன்பகுதி, இன்டர்னல் கேப்ஸ்யூலின் முன்பகுதி ஆகியவற்றில் சிறு சிறு சேதங்கள் விழும். எம்.ஆர்.ஐ.யில் இந்த இடங்களில் புள்ளிகள் தெரிந்தால் கதிரியக்க நிபுணர் உடனே காசநோயை நினைப்பார்.

இந்த வகைக்கு, கீழே வரும் ஹெப்பாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசிமருந்து) பொருந்தாது. அங்கே பிரச்சினை சுவரின் அழற்சி. காசநோய் மருந்தும் ஸ்டீராய்டும்தான் அடிப்படை. ஆஸ்பிரின் சேர்ப்பதைப் பற்றி இந்தியாவிலும் வியட்நாமிலும் ஆய்வுகள் நடந்துள்ளன. சில மருத்துவர்கள் சேர்க்கிறார்கள். எனவே ‘மூளையில் அடைப்பு’ என்றால் முதல் கேள்வி: எந்தக் குழாயில்?

எப்போது சந்தேகப்பட வேண்டும்

சிரை உறைவில் பத்தில் ஒன்பது பேருக்குத் தலைவலி இருக்கும். சில நாட்களில் படிப்படியாகக் கூடும். படுத்தால் அதிகமாகும், விடியற்காலையில் எழுப்பிவிடும், இருமினாலும் முக்கினாலும் தலை வெடிப்பதுபோல இருக்கும். பத்தில் நான்கு பேருக்கு வலிப்பு வருகிறது. சாதாரணப் பக்கவாதத்தை விட இது மிக அதிகம். ஒரு கையிலோ முகத்தின் ஒரு பக்கத்திலோ மட்டும் துடிக்கும் வலிப்பும் வலிப்புதான். பார்வை இரட்டையாகத் தெரிவது, ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், மந்தமாக இருப்பது ஆகியவை மற்ற அறிகுறிகள்.

காசநோயாளியிடம் இதைப் பிரித்தறிவது ஏன் கடினம்? தலைவலியும் வாந்தியும் மூளையுறைக் காசநோயிலும் உண்டு. மாத்திரை ஒத்துக்கொள்ளாததாலும் வாந்தி வரும். “டி.பி. மாத்திரை சூடு, அதான் தலை வலிக்குது” என்று வீட்டில் ஒரு வாரம் ஓடிவிடும். நமது அழுத்தமான கருத்து: காசநோய் சிகிச்சையில் இருப்பவருக்குப் புதிதாக ஆரம்பித்து நாளுக்கு நாள் கூடும் தலைவலி, மாத்திரையின் மேல் பழி போட்டுவிட்டுக் காத்திருக்கும் விஷயமல்ல. முதல் சில வாரங்களில் இது இன்னும் முக்கியம். அப்போது ரத்தம் இன்னும் உறையும் தன்மையில்தான் இருக்கிறது. சிகிச்சை தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதத்தில்தான் அது இயல்பை நோக்கித் திரும்பும். வலிப்பு வந்தாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, நினைவு தப்பினாலோ 108-ஐ அழைத்து, சி.டி. வசதியுள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும்.

ஸ்கேனில் என்ன தேடுகிறார்கள்

மருந்து செலுத்தாத சாதா சி.டி. பலருக்கு இயல்பாகவே வந்துவிடும். ‘சி.டி. நார்மல்’ என்பதால் சிரை உறைவு இல்லை என்று ஆகாது. உறைவு அதில் தெரிகிறவர்களுக்கு, பிடரிப் பக்கத்து வெட்டுப்படத்தில் உச்சி சைனஸ் இருக்கும் சின்ன முக்கோணம் வழக்கத்துக்கு மேல் வெள்ளையாகத் தெரியும். சாயமருந்து செலுத்தி எடுத்தால் அதே முக்கோணம் தலைகீழாக மாறும்: சாயம் ஓடும் ஓரங்கள் பளிச்சென்றும், உறைவு அடைத்திருக்கும் நடு கறுப்பாகவும் இருக்கும். மருத்துவர்கள் இதைக் ‘காலி முக்கோணம்’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

உறுதி செய்வது, சிரைகளைப் படம்பிடிக்கும் எம்.ஆர். வெனோகிராம் அல்லது சி.டி. வெனோகிராம். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல்: வெறும் ‘எம்.ஆர்.ஐ. பிரெய்ன்’ என்று எழுதினால் பல இடங்களில் வெனோகிராம் எடுப்பதில்லை, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். முதல் ஐந்து நாட்களில் உறைவு, சில எம்.ஆர்.ஐ. வரிசைகளில் ஓடும் ரத்தம்போலவே கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். இடது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் பலருக்குப் பிறவியிலேயே மெலிந்திருப்பதால், அடைப்பே இல்லாத இடத்தில் அடைப்பு என்று படிக்கப்படுவதும் உண்டு. உறைவு சிதையும்போது வரும் துணுக்குகளை அளக்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை இங்கே அதிகம் உதவாது. காசநோயே அதை ஏற்றிவிடும்.

காசநோய் மூளையுறைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க முதுகுத்தண்டு நீர் எடுப்பார்கள். அதில் லிம்ஃபோசைட் அணுக்கள் கூடி, புரதம் ஏறி, சர்க்கரை குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். சிபிநாட் பரிசோதனையில் கிருமியின் மரபணுவைத் தேடுவார்கள். அதில் ‘இல்லை’ என்று வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது, ஏனெனில் நீரில் கிருமிகள் மிகக் குறைவு. வரிசையும் முக்கியம்: முதலில் ஸ்கேன், பாதுகாப்பு என்று தெரிந்தால் முதுகுநீர், அதன்பின் ஹெப்பாரின். முழு அளவு எனாக்சபாரின் (ஹெப்பாரினில் ஒரு வகை) ஊசி போட்டபின் முதுகில் ஊசி குத்த 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இல்லையெனில் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டி கால்கள் செயலிழக்கும் ஆபத்து உண்டு.

ரத்தம் கசிந்திருக்கும்போது ஹெப்பாரினா?

ஆமாம். குடும்பத்தார் பயப்படுவதும் சில இடங்களில் கையெழுத்துப் போட மறுப்பதும் இங்கேதான். ஆனால் அந்தக் கசிவுக்குக் காரணமே வடிகால் அடைப்பு. அடைப்பு வளர வளரக் கசிவும் வளரும். அதனால் சிரை உறைவோடு சேர்ந்த ரத்தக்கசிவு இருந்தாலும் ஹெப்பாரின் கொடுப்பதுதான் உலகெங்கும் பின்பற்றப்படும் நெறி.

‘ரத்தத்தை இளக்கும் மருந்து’ என்று சொல்கிறோமே, அது ரத்தத்தை இளக்குவதும் இல்லை, இருக்கும் உறைவைக் கரைப்பதும் இல்லை. உறைவு மேலும் நீளாமல் தடுக்கிறது. கரைப்பது உடலின் சொந்த வேலை. அதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும்.

எனாக்சபாரின் கணக்கு, எடை ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, வயிற்றுத் தோலுக்கடியில். காசநோயாளியின் எடை 42 கிலோ என்றால் வேளைக்கு 40 மில்லிகிராம். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்து, செங்குத்தாகக் குத்த வேண்டும். நிரப்பி வரும் ஊசியில் உள்ள சிறு காற்றுக்குமிழியை, முழு ஊசியையும் போடுவதாக இருந்தால் வெளியேற்றக் கூடாது; மருந்தும் சேர்ந்து போய்விடும். குத்திய இடத்தைத் தேய்த்தால் நீலம் பூக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு மாறும்.

கூடவே வலிப்பு மருந்து. இதில் லெவெட்டிராசெட்டம் வசதியானது. பழைய பழக்கத்தில் ஃபெனிட்டாய்ன் போட்டால், காசநோய் மருந்துகளில் ஐசோனியசிட் அதன் அளவை ஏற்றும், ரிஃபாம்பிசின் இறக்கும்; எது ஜெயிக்கும் என்று ஊகிப்பது வீண் வேலை. மூளையுறைக் காசநோய் இருந்தால் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 6 முதல் 8 வாரம் படிப்படியாகக் குறைத்துத் தரப்படும். வியட்நாமில் 545 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு, இது உயிரிழப்பைக் குறைக்கிறது என்று காட்டியது. ஊனத்தைக் குறைப்பதாகக் காட்டவில்லை. சாதாரணச் சிரை உறைவுக்கு மட்டும் ஸ்டீராய்டு தேவையில்லை.

ரிஃபாம்பிசின் என்ற முட்டுக்கட்டை

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தபின் தொடங்குவதுதான் இந்த நோயின் உண்மையான பரீட்சை. ஊசியை மாதக்கணக்கில் போட முடியாது என்று, உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரைக்கு மாற்றுவார்கள். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். மாத்திரை தொடங்கினாலும் குறைந்தது ஐந்து நாளும், ஐ.என்.ஆர். 2-ஐத் தொடும் வரையிலும் ஊசி சேர்ந்தே போகும்.

ஆனால் ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடுகிறது. வார்ஃபரின் போன வேகத்தில் சிதைகிறது. வழக்கமாக ஒருவருக்கு 5 மில்லிகிராமில் ஐ.என்.ஆர். சரியாக நிற்கும் என்றால், ரிஃபாம்பிசினோடு 10, 15, சிலருக்கு அதற்கும் மேல் தேவைப்படும். இந்த முடுக்கம் ஒரு வாரத்தில் தெரிய ஆரம்பித்து இரண்டு வாரத்தில் உச்சத்துக்குப் போகும். முதல் வாரத்தில் ஐ.என்.ஆர். நன்றாக இருந்தது என்று ஒரு மாதம் கழித்து வரச் சொன்னால், அதற்குள் அது 1.2-க்கு இறங்கி, உறைவு மறுபடி வளர்ந்திருக்கும். தொடக்கத்தில் வாரம் ஒருமுறையோ இருமுறையோ பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புதிய மாத்திரைகளான ரிவராக்சபான், அபிக்சபான், டாபிகாட்ரான் இருக்கின்றனவே என்றால், ரிஃபாம்பிசின் அவற்றையும் விடுவதில்லை. முதல் இரண்டின் அளவை ஏறக்குறையப் பாதியாகவும், டாபிகாட்ரானை மூன்றில் ஒரு பங்காகவும் குறைத்துவிடும். அளந்து பார்க்கும் வழக்கமும் இல்லாததால் மருந்து வேலை செய்யாதது வெளியே தெரியாது. அதனால் சேர்த்துத் தருவதில்லை. சில நிபுணர்கள் செலவானாலும் பரவாயில்லை என்று எனாக்சபாரின் ஊசியையே முழுக் காலத்துக்கும் தொடர்கிறார்கள். ரிஃபாம்பிசின் அதைத் தொடுவதில்லை. ஐ.என்.ஆர். பார்க்க 40 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டிய ஊரில் இருப்பவருக்கு இதுவே நல்ல வழி என்று தோன்றுகிறது.

“அப்படியானால் ரிஃபாம்பிசினையே நிறுத்திவிடலாமே?” கூடாது. காசநோய் சிகிச்சையின் முதுகெலும்பு அது. உறைவுக்கு மூலகாரணமே காசநோய் என்னும்போது அதை அரைகுறையாக விட்டால் எதுவும் சரியாகாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

காசநோய் மாத்திரை எடைக்கணக்கில் வரும்: 35 முதல் 49 கிலோ வரை தினம் 3, 50 முதல் 64 வரை 4. சிகிச்சையில் எடை ஏறுவது நல்ல அறிகுறி. ஆனால் 42 கிலோவில் தொடங்கியவர் 51 கிலோ ஆகிவிட்டால் காசநோய் மாத்திரையும் எனாக்சபாரினும் இரண்டுமே மறுகணக்குப் போட வேண்டும். இது அடிக்கடி மறந்துபோகிறது, ஏனென்றால் ஒன்றைக் காசநோய்ப் பிரிவும் மற்றதை நரம்பியல் பிரிவும் பார்க்கின்றன. இரண்டு சீட்டையும் ஒரே பையில் வைத்து, இரண்டு இடத்திலும் காட்டுவது நல்லது.

வார்ஃபரின் சாப்பிடுபவர் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் ஐ.என்.ஆரை ஆட்டுகிறது. உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக், புரூஃபென் வேண்டாம். தசையில் போடும் ஊசியும் வேண்டாம்; இடுப்பில் கைப்பிடி அளவு ரத்தம் கட்டும். ஸ்ட்ரெப்டோமைசினும் தசை ஊசிதான் என்பதால், அது மருந்து வரிசையில் இருந்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கண், சிறுநீர் மஞ்சளானால் உடனே போக வேண்டும்: காசநோய் மருந்தால் கல்லீரல் பாதித்திருக்கலாம், அப்போது ஐ.என்.ஆர். தானாகவே எகிறும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டிருந்தால் அது இரண்டு வகையில் தவறு. உறைவை அதுவே தூண்டும்; ரிஃபாம்பிசின் அதன் பலனையும் கெடுக்கும். காப்பர்-டி போன்ற வேறு முறைக்கு மாற வேண்டும்.

எத்தனை நாள்? மூளையுறைக் காசநோய்க்குப் பெரும்பாலும் 12 மாதம், நுரையீரல் காசநோய்க்கு 6 மாதம். உறைவு மருந்து பொதுவாக 3 முதல் 6 மாதம், வேறு பிறவிக் காரணம் கண்டுபிடித்தால் நீளும். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் சிரை உறைவில் பத்தில் எட்டுப் பேர் வரை நன்றாகத் தேறுகிறார்கள். மூளையுறைக் காசநோயும் சேர்ந்திருந்தால் அந்தக் கணக்கு அவ்வளவு நன்றாக இராது.

இந்தத் தேதிகளில் ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. நுரையீரல் காசநோய்க்கு மாத்திரை தொடங்கி இரண்டாம் மாதத்தில் உறைவு வந்தது, 6 மாதத்துக்கு வார்ஃபரின் என்று வையுங்கள். காசநோய் மாத்திரை ஆறாம் மாதம் முடிந்துவிடும். வார்ஃபரின் எட்டாம் மாதம் வரை ஓடும். ரிஃபாம்பிசின் நின்றதும் கல்லீரல் நொதிகள் இரண்டு முதல் நான்கு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். அதுவரை 15 மில்லிகிராம் கேட்ட உடம்புக்கு இப்போது 5 போதும். அதே 15-ஐத் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். 6, 8 என்று ஏறி, ஈறில் தொடங்கும் ரத்தம் மூளையிலும் கசியலாம். யாரிடமும் சொல்லாமல் காசநோய் மாத்திரையை மட்டும் பாதியில் நிறுத்துபவருக்கும் இதே கதிதான். கடைசிக் காசநோய் மாத்திரை சாப்பிட்ட நாளை காலண்டரில் குறித்து, அடுத்த நான்கு வாரமும் வாரம் ஒருமுறையாவது ஐ.என்.ஆர். பார்த்து, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டி வார்ஃபரினைப் படிப்படியாக இறக்க வேண்டும்.